மூலமும் திறவுகோலும்: கைத்தொலைபேசி உற்பத்தியாளர் மீதான நம்பிக்கை குறித்து ஒரு நோக்கு

கைத்தொலைபேசிகளைப் பற்றி எழுதுவோர் அண்மைக் காலமாக ‘நம்பிக்கை’ என்னும் சொல்லைப் பெரிதும் கையாண்டு வருகின்றனர். இன்ன கம்பனியை நம்பலாம், இன்ன கம்பனியை நம்பலாகாது. இன்ன நாட்டிலே செய்யப்பட்ட கருவி பாதுகாப்பானது, இன்ன நாட்டிலே செய்யப்பட்டது ஐயத்துக்குரியது என்றவாறு விவாதம் நடைபெறுகின்றது. உற்பத்தியாளரின் குணநலனே பிரச்சினையின் மையம் என்பது இவ்விவாதத்தின் எடுகோள். கடன் கொடுப்பவன் கேட்பவனின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது போன்று, நாமும் கம்பனிகளின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்குமாறு வேண்டப்படுகின்றோம். கம்பனிக்கு முகம் ஏது என்ற வினா ஒருபுறமிருக்கட்டும். ஒருவன் மற்றொருவனை நம்பியே ஆகவேண்டிய நிலை எப்பொழுது தோன்றுகின்றது? தான் கையாளும் பொருளைத் தானே சோதிக்கவும் திருத்தவும் இயலாதவனாக அவன் ஆக்கப்படும்பொழுதாகும். இவ்வகையிலே நோக்கினால், நம்பிக்கை என்பது ஒரு சமூக உறவு; அவ்வுறவுக்கு ஒரு வரலாறும் உண்டு.

இப்பிரச்சினைக்குப் பரிகாரமாகத் திறந்த மூல மென்பொருள் முன்வைக்கப்படுகின்றது. மென்பொருளின் மூலநிரல் யாவரும் காணக் கிடைக்குமாயின் எவரையும் கண்மூடி நம்பவேண்டிய தேவை எழாது என்பர். முற்போக்குச் சிந்தனையாளர் பலரிடையேயும் இக்கருத்துச் செல்வாக்குப் பெற்றுள்ளது. மூலநிரல் திறந்திருத்தல் இன்றியமையாதது என்பதிலே எமக்கும் ஐயமில்லை. ஆயின் அது போதுமானதா? மூலத்தைத் திருத்தி ஆக்கிய நிரலைக் கருவியிலே நிறுவும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் கேள்வி அதனிலும் தீர்மானகரமானது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கைத்தொலைபேசி இயங்குதளமாகிய அன்ட்ரொயிட்டின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இலக்கிய மாணவருக்கு ‘மூலம்’ என்ற சொல் புதியதன்று. 1887ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். அப்பதிப்புகளை நாம் ஏற்றுக்கொள்வதற்குப் பதிப்பாசிரியரின் புலமை மட்டும் காரணமாகாது. ஏடுகளைத் தேடியெடுத்துப் பாடங்களை ஒப்புநோக்க வேறொருவராலும் இயலும் என்பதும் ஒரு காரணம். மென்பொருளிலும் ஏறத்தாழ இதுவே நிலை. நிரலாளர் எழுதுவது மனிதர் வாசிக்கக்கூடிய மூலநிரல். தொகுப்பி என்னும் மென்பொருள் அதனைப் பொறி மட்டுமே நிறைவேற்றத்தக்க எண்தொடராக மாற்றுகின்றது. கடையிலே விற்பனைக்கு வருவது இப்பின்னையதே. மூலமின்றி அதனை மட்டும் வைத்திருப்பவர், உள்ளே நிகழ்வது யாதென அறிவதற்குப் பெருமுயற்சி செய்யவேண்டும்.

மூலத்தை மறைத்தல் மென்பொருளின் இயல்பான குணமன்று. மென்பொருள் தனித்த பண்டமாக மாறியபொழுதுதான் அது பொதுவழக்காயிற்று. 1980ஆம் ஆண்டளவிலே மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்குச் செரொக்ஸ் கம்பனியின் லேசர் அச்சுப்பொறியொன்று வந்து சேர்ந்தது. அதிலே தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முன்னிருந்த அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கியவுடன் காத்திருப்போருக்கு அறிவித்தல் செல்லும்படி செய்திருந்தார் ரிச்சார்ட் ஸ்டோல்மன். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய அவர் விரும்பினார். அதன் மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரோ, இரகசியம் பேணும் உடன்படிக்கையிலே கையொப்பமிட்டிருந்தமையால், தர மறுத்துவிட்டார். கருவி கண்முன்னே நிற்க, அதனைத் திருத்தும் அறிவும் இருக்க, இரண்டுக்குமிடையே ஓர் ஒப்பந்தம் வந்து நின்றது.

ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தமைக்கு இவ்வநுபவமும் ஒரு தூண்டுதல். 1989இல் முதற் பதிப்பும் 1991இல் இரண்டாம் பதிப்பும் வெளிவந்த குனூ பொது உரிமம், பதிப்புரிமைச் சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டு அச்சட்டத்தின் வழமையான நோக்கத்தைத் தலைகீழாக்கியது. இவ்வுரிமத்தின் கீழான மென்பொருளைத் திருத்தி விநியோகிப்பவர், தமது திருத்தத்தின் மூலத்தையும் பெறுநருக்கு வழங்கக் கடமைப்பட்டவராவார். லினஸ் தொர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கரு 1992இல் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 1998இலே இயக்கத்துள் ஒரு பிளவு தெளிவாகியது. ‘திறந்த மூலம்’ என்னும் புதிய பெயரை அவ்வாண்டு முன்வைத்தோர், வணிக நிறுவனங்களைக் கவர்வதையே வெளிப்படையான நோக்கமாகக் கொண்டனர். விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்திலே ஒரே சொல் வழங்குவதால் குழப்பம் நேருகின்றது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. தமிழிலே அக்குழப்பம் இல்லை. இருந்தும் நாம் அவர்களது பெயரையே பெரிதும் எடுத்தாளுகின்றோம், இது சிந்திக்கத்தக்கது.

அன்ட்ரொயிட் என்னும் சிறு கம்பனியைக் கூகுள் 2005இல் வாங்கியது. 2007 நவம்பரிலே, கைத்தொலைபேசி உற்பத்தியாளரும் தொலைத்தொடர்புக் கம்பனிகளும் அடங்கிய கூட்டணியொன்றின் பெயரால் இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. முதற் கருவி 2008இல் விற்பனைக்கு வந்தது. இவ்வியங்குதளத்தைத் திறந்த மூலம் என ஒரே சொல்லாற் குறிப்பது பொருந்தாது. அது பல படைகளைக் கொண்டது. அடியிலே லினக்ஸ் கரு. அது குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்புக்கு உட்பட்டது. அதன்மேலுள்ள பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தின் கீழானது. அவ்வுரிமம் திருத்தியவரிடமிருந்து திருத்தங்களின் மூலத்தைக் கோருவதில்லை. அதாவது, பொதுநிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு, திருப்பியளிக்கும் கடமை இல்லை. இவற்றின்மேல் உற்பத்தியாளர் சேர்க்கும் மூடிய செயலிகளும் கூகுளின் மூடிய சேவைகளும் அமர்கின்றன. பக்கத்திலே, வலையமைப்புடன் உரையாடும் மோடத்துக்கெனத் தனிச் செயலகமும் அதற்குரிய தனி மென்பொருளும் உள்ளன. அவை பெரும்பாலும் முற்றாக மூடப்பட்டவை. பயனர் கையிலே ஏந்துவது இவையனைத்தும் சேர்ந்த ஒரு பண்டம். அதன் ஒரு படை திறந்திருப்பதைக் காட்டி முழுமையையும் நம்புமாறு கேட்பது, வீட்டின் கூரையைக் காட்டி அத்திவாரத்துக்குப் பிணை கூறுவதையொக்கும்.

மூலம் முழுவதும் திறந்திருந்தாலுங்கூட வேறொரு தடை உண்டு. அதனை முதலிலே தெளிவாக வெளிப்படுத்தியது தொலைபேசியன்று, திவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியாகும். அது லினக்ஸைப் பயன்படுத்தியது. உரிமம் வேண்டியவாறு மூலத்தையும் வழங்கியது. ஆனால் திருத்தப்பட்ட நிரலை அக்கருவி இயக்க மறுத்தது. உற்பத்தியாளரின் இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே அதன் வன்பொருள் ஏற்றுக்கொண்டது. வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் தன் சொந்தக் கருவியிலே பயன்படுத்த முடியாது! 2007 யூனிலே வெளிவந்த குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்பொருட் கருவிகளைப் பொறுத்தவரை, திருத்திய நிரலை நிறுவுவதற்கு வேண்டிய தகவலையும் வழங்கவேண்டுமென விதித்தது. லினக்ஸ் கரு அப்பதிப்புக்கு மாறவில்லை. தொர்வால்ட்ஸ் இவ்விதியை வெளிப்படையாகவே எதிர்த்தார். அன்ட்ரொயிட் அறிவிக்கப்பட்டது அதற்குச் சில மாதங்களின் பின்னராகும். கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றின் தொடக்கநிரல் ஏற்றி பூட்டப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றது. உற்பத்திச் சாதனத்தின் வரைபடத்தை எல்லோருக்கும் வழங்கிவிட்டுப் பட்டறையின் திறவுகோலை ஒருவர் வைத்துக்கொள்ளும் உறவு இது.

இதன் விளைவைத் தமிழ் வாசகர் நேரே அநுபவித்திருக்கின்றனர். தொடக்ககால அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றிலே தமிழெழுத்துக்கள் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றின. மேசைக் கணினிகளில் இயங்கிய லினக்ஸ் தொகுதிகளோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தமிழைச் செவ்வையாகக் காட்டின. அதற்கான மென்பொருட் கூறுகளும் திறந்த மூலமாகவே கிடைத்தன. குறை அறியப்பட்டிருந்தது, பரிகாரமும் பொதுச் சொத்தாக இருந்தது, அதனைச் செய்யவல்ல தமிழ் நிரலாளரும் இருந்தனர். எனினும் ஓர் எழுத்துருக் கோப்பைத் தன் கருவியின் உரிய அடைவிலே வைப்பதற்குப் பயனர் உற்பத்தியாளரின் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்து வைத்தபின்னும் கொம்புகள் இடம்மாறி நின்றன. எழுத்துக்களை ஒழுங்குபடுத்தும் பகுதி இயங்குதளத்திலே இருக்கவேண்டியதாகையால் எழுத்துரு மட்டும் போதவில்லை.

பூட்டை உடைக்க அறியாத பெரும்பாலோர் வேறொரு வழியை நாடினர். நோர்வேயிலே தோன்றிய ஒப்பெரா கம்பனியின் ‘ஒப்பெரா மினி’ என்ற உலாவியில், சிக்கலான எழுத்துமுறைகளைப் படங்களாகப் பெறுவதற்கான ஒரு தெரிவு இருந்தது. அதனை இயக்கினால் கம்பனியின் சேவையகமே தமிழ்ப் பக்கத்தை வரைந்து அனுப்பும். நண்பர்கள் ஒருவருக்கொருவர் இந்த உத்தியைச் சொல்லிக் கொடுத்தனர். வாசகர் வாசித்த ஒவ்வொரு பக்கமும் அவ்வுலாவியின் அமைப்பின்படி தொலைதூரச் சேவையகமொன்றினூடாகவே வந்தது என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? அக்கம்பனி அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதென நாம் கூறவரவில்லை. தன் தாய்மொழியை வாசிப்பதற்கு இடையாளர் ஒருவரை நம்பவேண்டிய கட்டாயம், திறந்த மூலக் கருவியொன்றை வாங்கியவருக்கே ஏற்பட்டது என்பதுதான் மனங்கொள்ளத்தக்கது.

நம்பிக்கை உண்மையிலேயே மீறப்பட்ட ஒரு நிகழ்வையும் நோக்குவோம். 2016 நவம்பரிலே கிரிப்டோவயர் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. மயாமி நகரைத் தளமாகக் கொண்ட புளூ கம்பனியின் மலிவான அன்ட்ரொயிட் கருவிகளிலே, ஷங்ஹாயைச் சேர்ந்த அடப்ஸ் கம்பனியின் மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது. கருவிக்கான இற்றைப்படுத்தல்களை அனுப்புவது அதன் பணி. அதுவே பயனரின் குறுஞ்செய்திகளை முழுமையாகவும், அழைப்புப் பதிவுகளையும், தொடர்பாளர் பட்டியலையும் சீனாவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குறுஞ்செய்திகளும் அழைப்புப் பதிவுகளும் 72 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சென்றன. தமது கருவிகளுள் ஏறத்தாழ 120,000 பாதிக்கப்பட்டனவெனப் புளூ கம்பனி தெரிவித்தது. பெயர் குறிப்பிடப்படாத வேறொரு சீன உற்பத்தியாளரின் வேண்டுகோளின்படி ஆக்கப்பட்ட வடிவம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்பது அடப்ஸின் விளக்கம். 2018இலே ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு புளூ கம்பனியுடன் இணக்கத் தீர்வொன்றுக்கு வந்தது.

இந்நிகழ்வைச் சீன அபாயம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது எளிது. அன்றைய செய்திகளும் பெரும்பாலும் அவ்வாறே செய்தன. எமது நோக்கிலே இங்கு முதன்மையாக வெளிப்படுவது உழைப்புப் பிரிவினையாகும். ஒரு கம்பனி பெயரைத் தருகின்றது. வேறொன்று கருவியைப் பொருத்துகின்றது. மூன்றாவது இற்றைப்படுத்தல் மென்பொருளை வழங்குகின்றது. நான்காவது இயங்குதளத்தை ஆக்குகின்றது. விலை குறையக் குறைய, ஒவ்வொரு கண்ணியும் தன் இலாபத்தை வேறிடத்திலே தேடுகின்றது. விற்ற கம்பனிக்கே தான் விற்றது யாதெனத் தெரிந்திருக்கவில்லை! பண்டங்களின் மாயத்தன்மையைப் பற்றி மார்க்ஸ் எழுதியபொழுது, மனிதரிடையேயான உறவுகள் பொருள்களிடையேயான உறவுகளாகத் தோற்றுவதைச் சுட்டினார். இங்கே அத்தோற்றத்தின் பின்னாலுள்ள உறவுகளை விற்பனையாளரே அறியாதிருந்தார். விலையுயர்ந்த கருவியை வாங்கவியலாதோரே இச்சங்கிலியின் முடிவிலே நிற்கின்றனர் என்பதையும் குறிப்பிடவேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியிலே இருந்த அன்ட்ரொயிட் மூலநிரலோ யாவர்க்கும் திறந்தே கிடந்தது. களவு நடந்த அறை வேறு.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2014 மார்ச்சிலே வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு. அன்ட்ரொயிட்டின் மூடிய பகுதிகளுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருளை எழுதும் ரெப்ளிக்கன்ட் என்னும் சிறு குழுவினர், சாம்சுங் கலக்சி வரிசைக் கருவிகள் சிலவற்றின் மோடத்துடன் உரையாடும் நிரலுக்குப் பதிலாகத் தமது நிரலை ஆக்கிக்கொண்டிருந்தனர். சாம்சுங்கின் மூடிய நிரலானது, கருவியின் சேமிப்பகத்திலுள்ள கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் அழிக்கவும் மோடத்துக்கு இடமளித்ததை அப்பொழுது கண்டனர். தொலைவிலிருந்து எவரேனும் இதனைப் பயன்படுத்தியிருக்கக் கூடுமா என்பது விவாதத்துக்குரியதாகவே இருந்தது. எனினும், மூடிய நிரலை வெறுமனே ஐயுற்று நோக்கியவர் அதனைக் காணவில்லை. அதன் இடத்திலே வைப்பதற்குப் பிறிதொன்றை உழைத்து ஆக்க முனைந்தவரே கண்டனர். அவ்வுழைப்புக்கு ஊதியம் இல்லை.

இவ்விடத்திலே, பல கண்கள் நோக்கினால் எந்தப் பிழையும் மறைந்திராது என்ற புகழ்பெற்ற வாதத்தையும் சற்று நோக்குதல் வேண்டும். நோக்குதலும் உழைப்பே என்பதை அவ்வாதம் மறந்துவிடுகின்றது. உலகின் இணையத் தொடர்பாடலிலே பெரும்பகுதியைக் காத்துநின்ற ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட வழு 2012இல் வெளியான பதிப்பிலே புகுந்து 2014 ஏப்ரில் வரை பொதுவெளியில் அறியப்படாதிருந்தது. பெருங் கம்பனிகள் அதனைப் பயன்படுத்தின. அதனைப் பேணியோர் மிகச் சிலர். வாசிக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது, வாசிப்பதற்கான நேரம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

கூகுளின் நிலைக்கு மீள்வோம். 2018 யூலையிலே ஐரோப்பிய ஆணைக்குழு அக்கம்பனிக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பைப் பெருமளவிற்கு உறுதிசெய்து, தண்டத்தை 412.5 கோடியாகக் குறைத்தது. ஆணைக்குழு சுட்டிய குற்றங்களுள் ஒன்று எமது பொருளுக்கு நேரே உரியது. கூகுளின் செயலிகளை முன்நிறுவ விரும்பும் உற்பத்தியாளர், கூகுள் அங்கீகரிக்காத அன்ட்ரொயிட் வடிவம் கொண்ட கருவி ஒன்றையேனும் விற்கலாகாது என ஒப்பந்தம் விதித்தது. உரிமம் அளித்த சுதந்திரத்தை ஒப்பந்தம் மீளப்பெற்றது.

வரலாற்றின் எள்ளலுக்கு ஹுவாவேயின் கதையைக் காட்டலாம். தன் கருவிகளின் பூட்டைத் திறக்கும் குறியீடுகளைப் பயனருக்கு வழங்குவதை 2018இலே அக்கம்பனி நிறுத்திக்கொண்டது. 2019 மேயிலே ஐக்கிய அமெரிக்க அரசு அதனை வர்த்தகத் தடைப்பட்டியலில் சேர்த்தபொழுது, கூகுளின் சேவைகளை அதன் புதிய கருவிகள் இழந்தன. அன்ட்ரொயிட்டின் திறந்த மூலம் அதற்குத் தடைப்படவில்லை. ஆனால் சீனாவுக்கு வெளியே அம்மூலம் மட்டும் எவ்வளவு சிறிது என்பது உடனடியாகவே தெரியவந்தது. வாடிக்கையாளரை வெளியே பூட்டிய கம்பனி ஓராண்டின் பின் தானும் வெளியே பூட்டப்பட்டது.

திறவுகோல் வைத்திருப்போரின் பிடி இறுகியே வருகின்றது. 2025 மார்ச்சிலே கூகுள், அன்ட்ரொயிட்டின் ஆக்கப்பணி முழுவதையும் தன் உள்ளகத்துக்கு மாற்றுவதாகவும் முடிந்தபின் மூலத்தை வெளியிடுவதாகவும் தெரிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டிலே, அங்கீகரிக்கப்பட்ட கருவிகளில் நிறுவப்படும் செயலிகளை ஆக்கியோர், தனது கடைக்கு வெளியே விநியோகிப்பினும், தம் அடையாளத்தைத் தன்னிடம் உறுதிப்படுத்தவேண்டும் எனவும், பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டெம்பரில் இது தொடங்கும் எனவும் அறிவித்தது. பெருத்த எதிர்ப்பின் பின், அநுபவமுள்ள பயனருக்கு ஒரு விலக்கு வழி அமைக்கப்படுமெனவும் கூறியது. மோசடிக்காரரிடமிருந்து மக்களைக் காத்தல் என்பதே தரப்பட்ட காரணம். அம்மோசடிகள் கற்பனையல்ல, வறியோரின் சேமிப்பு அவற்றால் பறிபோகின்றது. ஆயின் காப்பவர் யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வினாவை இக்காரணம் தொடுவதேயில்லை.

இதனாலே திறந்த மூலம் முழுவதும் முதலாளித்துவத்துக்கான ஊதியமற்ற உழைப்பே எனக் கூறும் தோழர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. அவர்கள் முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காண்கின்றனர். ரெப்ளிக்கன்ட் குழுவினரின் கண்டுபிடிப்பு திறந்த மூலம் இன்றேல் நிகழ்ந்திராது. மறுபுறம், மூலநிரலின் பொதுமையிலே எதிர்காலச் சமுதாயத்தின் கருவைக் கண்டு பூரிப்போர், அப்பொதுமை பூட்டிய கருவியின் வாசலிலே நின்றுவிடுவதைப் பார்ப்பதில்லை.

இப்பூட்டை எதிர்கொள்ளும் முயற்சிகள் சில இன்று நடைபெறுகின்றன. அவற்றுள் எமது துறையினருக்கு மிக நெருக்கமானது ‘மீளுருவாக்கத்தக்க தொகுப்பு’ எனத்தக்க முறை. ஒரே மூலநிரலிலிருந்து யார் எங்கே தொகுத்தாலும் ஓர் எண்ணும் பிசகாத அதே விளைவு கிடைக்கும்படி அமைப்பதே அது. டெபியன் திட்டத்தினர் 2013 முதல் இதிலே ஈடுபட்டுள்ளனர். விநியோகிக்கப்பட்ட படியைத் தாம் தொகுத்த படியுடன் ஒப்பிட்டு, இடையிலே எவரும் எதனையும் செருகவில்லை என உறுதிசெய்யலாம். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியோர் இதன் பயனை விளக்கமின்றியே உணர்வர். ஆயினும் கென் தொம்சன் 1984இலே வெளியான தமது தூரிங் விருது உரையிலே, தொகுப்பியே கறைபட்டிருப்பின் மூலத்தை எத்துணை ஆராய்ந்தும் பயனில்லை என்று காட்டியிருந்தார். அவ்வையத்தையும் போக்க, தொகுப்பிகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பும் பணியிலே சிலர் முனைந்துள்ளனர்.

கருவியின் பக்கத்திலே நிலைமை வேறு. பயனரின் பாதுகாப்பை முதன்மைப்படுத்தும் கிராபீன்ஓஎஸ் என்னும் திறந்த மூல இயங்குதளம் பல ஆண்டுகளாகக் கூகுளின் பிக்சல் கருவிகளை மட்டுமே ஆதரித்து வந்தது. பூட்டைத் திறந்து, வேறோர் இயங்குதளத்தை நிறுவி, அதன் சொந்தத் திறவுகோலால் மீண்டும் பூட்டுவதற்கு அக்கருவிகள் இடமளித்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம். கூகுளை நம்ப விரும்பாதவர் கூகுளிடமே கருவி வாங்கவேண்டியிருந்தது. அவ்வாறு வாங்கி மாற்றியவரின் கருவியிலே சில வங்கிகளின் செயலிகள் இயங்க மறுக்கின்றன. கூகுள் அங்கீகரித்த இயங்குதளம் அங்கே இல்லை என்பதே அவற்றின் முறைப்பாடு. மோடத்தின் மென்பொருளோ அக்கருவிகளிலும் மூடியே இருக்கின்றது.